இரவு எட்டு மணி நேரம் படுத்தும் பகலில் தூங்கி விழுகிறார்: இதற்கு மருத்துவரைப் பார்க்க வேண்டுமா?

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம், கடலூர்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் கணவருக்கு வயது 47. சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். பல ஆண்டுகளாக மூன்று ஷிப்ட்டும் மாறி மாறிப் பார்த்தவர் என்பதால், பகலில் அவர் கண்ணயர்வதை நைட் ஷிப்ட்டின் விளைவு என்றே வீட்டில் எல்லோரும் எடுத்துக்கொண்டோம். சென்ற ஆண்டு அவரை ஜெனரல் ஷிப்ட்டுக்கு மாற்றினார்கள். அதிலிருந்து இரவு பத்து மணிக்குப் படுத்துக் காலை ஆறு மணிக்கு எழுகிறார். ஆனாலும் பகல் தூக்கம் குறையவே இல்லை. மாலையில் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தால், முதல் பக்கத்தைத் திருப்புவதற்குள் கையில் இருக்கும் தேநீர் டம்ளர் சாய்ந்து வேட்டியில் கொட்டுகிறது. உறவினர் வீட்டு நிச்சயதார்த்தத்தில், சம்பந்தி வீட்டார் எதிரில் பேசிக்கொண்டிருக்கும்போதே தலை தொங்கிவிட்டது.

எனக்கு அச்சம் வந்தது வேறொரு நிகழ்வால். செம்மண்டலம் சிக்னலில் வண்டியை நிறுத்திக் காலை ஊன்றியவர், பச்சை விளக்கு எரிந்தும் நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஒலி எழுப்பியும் அசையவில்லை. பின்னிருக்கையில் இருந்த நான் தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் வண்டி நகர்ந்தது. ஏதோ யோசனையில் இருந்துவிட்டதாகச் சொன்னார். அவர் தினமும் முதுநகர் வழியாக, லாரிகள் ஓயாமல் போகும் சிதம்பரம் சாலையில் வேலைக்குப் போய் வருகிறவர்.

இரவில் பலமாகக் குறட்டை விடுவார். சில நேரம் குறட்டை திடீரென்று நின்று, சத்தமே இல்லாமல் இருக்கும். பிறகு மூச்சுத் திணறியவர் போல உடலைத் தூக்கிப் போட்டு மறுபடியும் தொடங்குவார். குறட்டை விடுவது நல்ல தூக்கத்தின் அடையாளம் என்று என் மாமியார் சொல்கிறார். இரத்த அழுத்தத்துக்கு முன்பு ஒரு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தவருக்கு இப்போது இரண்டு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இது வயதின் அசதியா, நோயா? நோய் என்றால் எந்த மருத்துவரிடம் போக வேண்டும்? அவரோ தனக்கு ஒன்றுமில்லை என்கிறார்.

ஓய்வுபெற்ற செவிலி (முத்தியால்பேட்டை, புதுச்சேரி) பதில்:

சகோதரிக்கு வணக்கம். நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது, ஷிப்ட் மாறிய பிறகும் தூக்கக் கலக்கம் மாறவில்லை என்ற செய்தி. மற்றவற்றுக்கெல்லாம் ஏதாவது சமாதானம் சொல்லிவிடலாம். இதற்குச் சொல்ல முடியாது.

முதலில் அசதியையும் தூக்கக் கலக்கத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அசதி உள்ளவருக்குப் படுக்க வேண்டும் போல இருக்கும், ஆனால் படுத்தால் தூக்கம் வராது. இரத்தசோகை, தைராய்டு சுரப்புக் குறைவு, கட்டுக்குள் வராத சர்க்கரை, மனச்சோர்வு போன்றவை பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் தலைகாட்டும். தூக்கக் கலக்கம் உள்ளவரோ உட்கார்ந்த இடத்தில், தான் விரும்பாமலேயே கண்ணை மூடிவிடுவார். இரண்டும் ஒருவரிடமே இருக்கலாம் என்றாலும், உங்கள் கணவருடையது தெளிவாக இரண்டாவது வகை.

அடுத்து, தூங்கும் நேரம் போதுமா என்பதைப் பார்க்க வேண்டும். வளர்ந்தவர்களுக்கு நாள்தோறும் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் தேவை. வாரம் முழுவதும் ஐந்து மணி நேரம் தூங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை உச்சிப்பொழுது வரை படுத்துக் கிடக்கிறவருக்குப் பெரும்பாலும் நோய் எதுவும் இருக்காது, தூக்கம் பாக்கி நிற்கிறது, அவ்வளவுதான். அப்படிப்பட்டவர்களை இரண்டு வாரம் ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழச் சொல்வோம்; பலருக்கு அதிலேயே தெளிந்துவிடும். மதியம் ஒரு மணி முதல் மூன்று மணிக்குள் லேசாகக் கண் சொக்குவதும் இயல்பே. சாப்பாட்டின் கனத்தால்தான் அது வருகிறது என்று நினைக்கிறோம். ஆனால் உடலின் உள் கடிகாரமே அந்த நேரத்தில் விழிப்பைச் சற்றுத் தளர்த்துவதால், சாப்பிடாதவருக்கும் வரும். உங்கள் கணவர் ஓராண்டாக எட்டு மணி நேரம் படுத்தும் மாலையிலும், பேச்சுக்கு நடுவிலும், சாலையிலும் தூங்குகிறார் என்றால், படுக்கையில் கழியும் நேரம் தூக்கமாக மாறவில்லை என்று பொருள்.

ஏன் மாறவில்லை என்பதற்கான விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். தூங்கும்போது தொண்டையின் தசைகள் தளரும். சிலருக்கு அது அளவுக்கு மீறித் தளர்ந்து, நாக்கின் அடிப்பகுதியும் பின்னால் சரிந்து, மூச்சுப் பாதையே அடைபட்டுவிடும். நெஞ்சும் வயிறும் மூச்சை இழுக்கப் பாடுபடும், காற்று மட்டும் உள்ளே போகாது. 10 நொடியோ அதற்கு மேலோ இப்படி நின்றால் மருத்துவர்கள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதும் மூளை பதறி அவரை ஓரிரு நொடி எழுப்பிவிடும். நீங்கள் பார்த்த அந்தத் திணறல் அதுதான். அவருக்குக் காலையில் அது நினைவில் இருக்காது. ஆகவே, தனக்கு ஒன்றுமில்லை என்று அவர் சொல்வதில் பொய் இல்லை. ஸ்லீப் ஆப்னியா என்று இதற்குப் பெயர். ஒவ்வொரு முறையும் உடல் அவசர நிலைக்குப் போய்த் திரும்புவதால் இரத்த அழுத்தம் ஏறுகிறது. மாத்திரைக்கு மேல் மாத்திரை கூட்டியும் அழுத்தம் அடங்காதவர்களிடம் குறட்டையைப் பற்றிக் கேட்பது இதனால்தான். கவனிக்காமல் விட்டவர்களுக்கு இதயத் துடிப்புக் கோளாறும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு கூடுகிறது. மாமியாரிடம் மெதுவாகச் சொல்லுங்கள்: மூச்சு நின்று நின்று வரும் குறட்டை நல்ல தூக்கத்தின் அடையாளமாகாது.

இன்னும் சிலவற்றைக் கவனித்துப் பாருங்கள். காலையில் தலைவலியோடும் வாய் வறட்சியோடும் எழுகிறாரா? இரவில் சிறுநீர் கழிக்கப் பலமுறை எழுந்திருக்கிறாரா? கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கிறதா? முன்னைவிட எரிச்சலும் மறதியும் கூடியிருக்கின்றனவா? ஆண், நடுத்தர வயது, உடல் பருமன், இரத்த அழுத்தம், குறட்டை, பகல் தூக்கம், பிறர் கண்ணால் கண்ட மூச்சு நிறுத்தம் என இவை எவ்வளவு கூடுகின்றனவோ அவ்வளவுக்கு ஐயம் வலுப்படும்.

தூக்கக் கலக்கத்தை எண்ணாகச் சொல்ல ஒரு வழி உண்டு. ஆஸ்திரேலியாவில் முர்ரே ஜான்ஸ் என்ற மருத்துவர் 1991இல் வெளியிட்ட எப்வொர்த் அளவுகோலில் எட்டுச் சூழ்நிலைகள் இருக்கும்: உட்கார்ந்து படிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, கூட்டத்திலோ அரங்கிலோ சும்மா உட்கார்ந்திருக்கும்போது, ஒரு மணி நேரம் காரில் பயணியாகப் போகும்போது, மதியம் படுத்து ஓய்வெடுக்கும்போது, ஒருவரோடு உட்கார்ந்து பேசும்போது, மது அருந்தாமல் மதிய உணவு முடித்து அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது, போக்குவரத்து நெரிசலில் வண்டி சில நிமிடம் நிற்கும்போது. ஒவ்வொன்றிலும் தூங்கிவிடும் வாய்ப்பு அறவே இல்லையென்றால் 0, மிக அதிகமென்றால் 3. மொத்தம் 24. 10க்கு மேல் போனால் இயல்பைக் கடந்தது என்று கொள்வார்கள். அவர் குறைத்துச் சொல்லக்கூடும் என்பதால் நீங்களும் அவரும் தனித்தனியாக மதிப்பெண் போட்டுப் பாருங்கள். இரவில் மூச்சு நின்று மீள்வதைச் சில நிமிடம் செல்பேசியில் பதிவு செய்து வையுங்கள். மருத்துவருக்கு அது மிகவும் பயன்படும்.

எங்கே போவது என்று கேட்டிருந்தீர்கள். மஞ்சக்குப்பத்திலேயே இருக்கிறீர்கள், அரசு தலைமை மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவிலேயே தொடங்கலாம். புதுச்சேரி என்றால் கோரிமேட்டில் உள்ள ஜிப்மரில் நுரையீரல் மருத்துவம், காது மூக்கு தொண்டை, நரம்பியல் ஆகிய துறைகள் இருக்கின்றன. குறட்டையும் மூச்சுத் தடையும் உள்ளவர் முதல் இரண்டில் ஒன்றுக்குப் போவது பொருத்தம்.

முதுநகர்க்காரன் பதில்:

அக்கா, உங்கள் கணவரின் கதை ஏறக்குறைய என் கதை. பரிசோதனை என்றாலே அவர் மிரளக்கூடும் என்பதால், அது எப்படி இருக்கும் என்று எழுதுகிறேன்.

புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் இரவு ஒன்பது மணிக்கு வரச் சொன்னார்கள். சாதாரண அறைதான், கட்டிலும் மின்விசிறியும் இருந்தன. பணியாளர் தலைமுடியை வகிர்ந்து, பசை தடவி, மண்டையில் பல இடங்களில் சிறு மின்முனைகளை ஒட்டினார். கண்ணோரத்திலும் தாடையிலும் கெண்டைக்காலிலும் அதேபோல ஒட்டினார். நெஞ்சுக்கு ஒன்றும் வயிற்றுக்கு ஒன்றுமாக இரண்டு பட்டைகள், மூக்கின் கீழ் மெல்லிய குழாய், விரல் நுனியில் சிவப்பு விளக்கு எரியும் கிளிப். ஊசியோ வலியோ கிடையாது. இவ்வளவையும் கட்டிக்கொண்டு எப்படித் தூங்குவது என்று நினைத்தேன். ஆனால் இந்த நோய் உள்ளவனுக்குத் தூக்கம் வருவதில் சிரமமே இல்லை. அடுத்த அறையில் ஒருவர் இரவு முழுவதும் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். சிலருக்கு வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் சிறிய கருவியைக் கொடுத்தும் பரிசோதிக்கிறார்கள்.

மணிக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்பதுதான் முடிவில் பார்க்க வேண்டிய எண். 5க்குக் கீழ் இருந்தால் இயல்பு, 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. எனக்கு 38 வந்தது. எட்டு மணி நேரம் தூங்குவதாக நம்பிக்கொண்டிருந்தவன், ஒவ்வொரு இரண்டு நிமிடத்துக்கும் ஒருமுறைக்கு மேல் தடைபட்டிருக்கிறேன்.

சீபாப் என்ற கருவியை எழுதிக் கொடுத்தார்கள். மூக்கில் பொருத்தும் முகமூடி வழியாகக் காற்றை ஒரே அழுத்தத்தில் செலுத்தி, தொண்டை மூடாமல் தாங்கிப் பிடிப்பதுதான் அதன் வேலை. காலின் சல்லிவன் என்பவரும் அவருடைய குழுவினரும் ஆஸ்திரேலியாவில் 1981இல் வெளியிட்ட முறை இது. தொடக்கத்தில் சிரமப்பட்டேன் என்பதை மறைக்கவில்லை. காற்று ஓரத்தில் கசிந்து கண்ணில் அடிக்கும், மூக்கு வறண்டுபோகும். முகமூடியின் அளவை மாற்றி, ஈரப்பதம் சேர்க்கும் பகுதியையும் பொருத்திய பிறகு சரியானது. பலர் முதல் மாதத்திலேயே கருவியைப் பரணில் போட்டுவிடுவது இந்தச் சிறு தொல்லைகளால்தான். வாங்குவதற்கு முன் சில வாரம் வாடகைக்கு எடுத்துப் பழகிப் பார்ப்பது நல்லது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கருவி நோயை அகற்றிவிடுவதில்லை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மின்சாரம் நின்றது, கருவியும் நின்றது. மறுநாளே பழைய தூக்கக் கலக்கம் திரும்பிவிட்டது. நம் கடற்கரை ஊர்களில் இருக்கிறவர்கள் இன்வெர்ட்டரைப் பற்றியும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

மருந்துக் கடைக்காரர் (திருப்பாதிரிப்புலியூர்) பதில்:

பகல் தூக்கத்தைப் பற்றி மருத்துவரிடம் பேசப் போகும்போது, அவர் உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். சளிக்கும் அரிப்புக்கும் சீட்டு இல்லாமலேயே கேட்டு வாங்கும் சிட்ரிசின், குளோர்பெனிரமின் ஆகியவை மறுநாள் வரை தூக்கத்தை இழுத்து வைக்கக்கூடியவை. தும்மலுக்காக இதைத் தினமும் போடும் பழக்கம் நம் ஊரில் பலருக்கு இருக்கிறது, அதைப் பலர் மருந்தாகவே கணக்கில் வைப்பதில்லை. சர்க்கரை நோயாளிகளின் கால் எரிச்சலுக்குக் கொடுக்கும் ப்ரீகாபலின், இரத்த அழுத்தத்துக்கான குளோனிடின், மனநல மருந்துகள் சில ஆகியவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு. ஆனால் எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். குறிப்பாகக் குளோனிடினைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் எகிறிவிடும். நேரத்தை மாற்றுவதோ மருந்தை மாற்றுவதோ எழுதிக் கொடுத்தவரின் பொறுப்பு.

இலாசுப்பேட்டை ஆசிரியை பதில்:

இங்கே எழுதப்பட்டவை நடுத்தர வயதினரைப் பற்றியவை. இளம் வயதினரைப் பெற்றவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் என் அனுபவத்தைச் சேர்க்கிறேன்.

வகுப்பில் தூங்கும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்குத் தூங்கும் நேரம்தான் குறைவு. பதின்பருவத்தினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. இரவு செல்பேசி, விடியற்காலை ஐந்து மணி டியூஷன் என்று இருபுறமும் நாம் அதை அரித்துவிட்டு, அவர்களைச் சோம்பேறிகள் என்கிறோம். இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஆனால் பதினொன்றாம் வகுப்பில் ஒரு மாணவி வேறு மாதிரி இருந்தாள். இரவு ஒன்பதரைக்கே படுத்துவிடுகிறாள் என்று தாயார் உறுதியாகச் சொன்னார். தேர்வு எழுதும்போதே கையெழுத்து கோணிக் கோணி, கோடு தாண்டி இழுபட்டு நின்றுவிடும். பத்து நிமிடம் தூங்கினால் முகம் தெளிந்துவிடும், இரண்டு மணி நேரத்தில் மறுபடியும் தொடங்கும். தோழிகளோடு பேசி வாய்விட்டுச் சிரிக்கும்போது முழங்கால் மடிந்து உட்கார்ந்துவிடுவாள். நினைவு மட்டும் தப்பாது. தூங்கி எழும் வேளையில் கையைக் காலை அசைக்க முடியாமல், அறையில் யாரோ நிற்பது போலத் தெரிவதாகவும் சொன்னாள். வீட்டில் காத்துக் கருப்பு என்று மந்திரித்துக் கயிறு கட்டியிருந்தார்கள்.

நரம்பியல் மருத்துவர் அவளை இரவு முழுவதும் பரிசோதித்து, மறுநாள் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை படுக்க வைத்து, எவ்வளவு விரைவில் தூங்குகிறாள் என்று அளந்தார். சராசரியாக 8 நிமிடத்துக்குள் தூங்கி, அதில் இரண்டு முறையாவது நேரே கனவு நிலைத் தூக்கத்துக்குள் போனால் அது நார்கோலெப்சி என்ற தூக்க நோய் என்பதற்கு வலுவான சான்று. மூளையில் விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் ஓரெக்சின் என்ற பொருள் குறைந்துபோவதால், சிரிப்பில் கால் துவளும் வகை நார்கோலெப்சி வருகிறது. அந்தப் பொருளையே 1998இல்தான் கண்டுபிடித்தார்கள். இப்போது அந்தப் பெண் மருந்து எடுத்துக்கொள்கிறாள், பள்ளியில் மதியம் இருபது நிமிடம் தூங்க இடம் கொடுத்திருக்கிறோம். சிரிப்பிலோ கோபத்திலோ கால் துவண்டுவிடும் பிள்ளையைக் கண்டால் தயவுசெய்து தள்ளிப்போடாமல் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கெடிலக்கரை எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அளவுகோலில் அவர் தனக்கு 9 போட்டார், நான் போட்டதில் 17 வந்தது. செல்பேசிப் பதிவை அவரிடம் காட்டியபோது, மூச்சு நின்ற இடத்தில் அவரே நொடிகளை எண்ணத் தொடங்கி, அது மீள்வதற்குள் எண்ணுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அதன் பிறகு மறுக்கவில்லை. ஆனால் புதிய மருத்துவரிடம் போகத் தயங்குகிறார், இரத்த அழுத்தம் பார்க்கும் மருத்துவரிடம் மட்டும் வருகிறேன் என்கிறார். அது போதுமா? அதுவரை வண்டி ஓட்டலாமா? நன்றாகத் தூங்க இரவில் ஒரு தூக்க மாத்திரையோ கொஞ்சம் மதுவோ எடுத்துக்கொள்ளும்படி உடன் வேலை செய்பவர் சொல்லியிருக்கிறாராம்.

ஓய்வுபெற்ற செவிலி பதில்:

அவர் நம்பும் மருத்துவரிடமே போங்கள், அதுவே நல்ல தொடக்கம். இரத்த அழுத்தத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பு அந்த மருத்துவருக்குத் தெரிந்ததே. அறைக்குள் நீங்களும் கூடவே செல்லுங்கள். இரவில் நடப்பதற்குச் சாட்சி நீங்கள் ஒருவர்தான். களைப்பாக இருக்கிறது என்று மட்டும் சொன்னால் சத்து மாத்திரையோடு திரும்பி வர நேரும். தூக்கத்தில் மூச்சு நிற்கிறது, சிக்னலில் தூங்கினார், எப்வொர்த் 17, தூக்கப் பரிசோதனை தேவைப்படுமா என்று இதே வரிசையில் சொல்லுங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை ஆகிய இரத்தப் பரிசோதனைகளை அவரே எழுதக்கூடும். இரவில் கால் குடைச்சலும் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற உந்துதலும் இருந்தால் இரும்புச் சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பார்ப்பார்கள்.

மதுவும் வேண்டாம், தூக்க மாத்திரையும் வேண்டாம். இரண்டுமே தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தி, மூளை அவரை எழுப்புவதையும் தாமதப்படுத்தக்கூடியவை. மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். உடல் பருமன் இருந்தால் எடையைக் குறைப்பது உண்மையாகவே பலன் தரும். எடையில் பத்து விழுக்காடு குறைந்தால் மூச்சுத் தடையின் எண்ணிக்கை ஏறக்குறையக் கால் பங்கு குறையும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதற்கு மாதங்கள் ஆகும் என்பதால் பரிசோதனையை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

வண்டியைப் பற்றி நான் கண்டிப்பாகச் சொல்வேன்: சிகிச்சை தொடங்கி, பகலில் தெளிவாக இருக்கிறார் என்று மருத்துவர் சொல்லும் வரை ஓட்டக் கூடாது. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, 3 நொடி கண் மூடினால் 40 மீட்டருக்கு மேல் ஓட்டுபவர் இல்லாமலேயே போய்விடும். முகம் கழுவுவது, பாட்டுப் போடுவது, காற்று வாங்குவது எதுவும் இதைத் தடுக்காது. நிறுவனப் பேருந்து இருந்தால் அதில் போகட்டும், இல்லையென்றால் நகரப் பேருந்தில் போகட்டும். தொழிற்சாலையில் உயரத்திலோ இயந்திரத்தின் அருகிலோ நிற்கும் வேலை என்றால் அதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. மாதக்கணக்கில் மெல்ல வளர்ந்த தூக்கக் கலக்கத்துக்குத்தான் இவ்வளவு நேரம் வழி சொன்னோம். ஒரே நாளில் அல்லது சில மணி நேரத்தில் ஒருவர் எழுப்ப எழுப்பத் தூங்கினாலோ, பேச்சு குழறினாலோ, தலையில் அடிபட்ட பிறகு வாந்தியும் மயக்கமும் வந்தாலோ, காய்ச்சலோடு குழப்பமாகப் பேசினாலோ, இன்சுலின் போட்டவர் வியர்த்துத் துவண்டாலோ உடனே 108ஐ அழையுங்கள். கல்லீரல் நோய் உள்ளவர் இரவில் விழித்துப் பகலில் தூங்கத் தொடங்கினால் அதுவும் காத்திருக்கக் கூடாத அறிகுறி, அன்றைக்கே அழைத்துச் செல்ல வேண்டும்.

சகோதரி, மருத்துவரைப் பார்த்த பிறகு என்ன எழுதிக் கொடுத்தார் என்று இங்கே தெரிவியுங்கள். பரிசோதனை அறிக்கை வந்தால், அதில் மணிக்கு எத்தனை முறை என்ற எண்ணையும் ஆக்சிஜன் எவ்வளவு வரை இறங்கியது என்ற எண்ணையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.